கீழ்த்தந்திகளுக்குச் சுருதி சேர்த்தல்

கான்சர்ட் ஸிதருக்குச் சுருதி சேர்ப்பவர்கள் மெட்டுப் பலகையின் ஐந்து தந்திகளுக்கு நிறைய நேரம் கொடுக்கிறார்கள். துணைத்தந்திகளிலும் ஓரளவு நிதானம் காட்டுகிறார்கள். பொறுமை தீர்ந்துபோன நேரத்தில்தான் பாஸ் தந்திகளின் முறை வருகிறது. ட்யூனரில் பச்சை விளக்கு எரிந்தால் போதும் என்று அடுத்த முளைக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை மாற்றுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் இந்தக் கருவி வளர்ந்தது லெண்ட்லர், வால்ட்ஸ் போன்ற மூன்றெண்ணிக்கை நடனங்களோடு. முதல் எண்ணிக்கையில் மோதிர விரல் ஒரு பாஸ் தந்தியை மீட்டுகிறது. அடுத்த இரண்டு எண்ணிக்கைகளுக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் துணைத்தந்திகளில் கார்டு போடுகின்றன. ஒவ்வொரு தாளக்கட்டும் பாஸில்தான் கால் ஊன்றுகிறது. அது கொஞ்சம் இறங்கி நின்றாலும், கட்டைவிரல் வளையம் மேலே எவ்வளவு அழகாகப் பாடினாலும், கேட்பவருக்கு மெட்டுத் தந்திதான் ஏறி நிற்பதுபோலத் தோன்றும். வாசிப்பவரும் அப்படியே நினைத்து, சரியாக இருந்த மெட்டுத் தந்தியை இறக்கிவிடுவார். அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கெடும்.

எந்தத் தந்தி எங்கே இருக்கிறது

திறந்த தந்திகளின் இன்றைய அடுக்கு மியூனிக்கைச் சேர்ந்த நிகோலாஸ் வைகல் 1838இல் வெளியிட்ட பயிற்சி நூலிலிருந்து வருகிறது. அவர் தந்திகளைப் படிப்படியாக ஏறும் வரிசையில் வைக்கவில்லை. எந்தத் தந்தியை ஸட்ஜமாக எடுத்துக்கொண்டாலும் அடுத்த தந்தி அதன் பஞ்சமமாக இருக்கும்படி வைத்தார். அந்த ஏற்பாடு உடனே பரவிவிடவில்லை. 1862இல் மியூனிக் கருவி செய்பவர் மாக்ஸ் ஆம்பெர்கர் அதற்கேற்ற ஸிதரைச் செய்த பிறகே இப்போதைய வடிவம் நிலைத்தது.

இந்த அடுக்கின்படி பாஸ் வரிசையின் பன்னிரண்டு தந்திகள்: ஈ ஃபிளாட், பி ஃபிளாட், எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ, பி, எஃப் ஷார்ப், சி ஷார்ப், ஜி ஷார்ப். பெயர்கள் தாவித் தாவிப் போனாலும் எல்லாம் ஒரே ஸ்தாயிக்குள் அடங்கியவை. மிகக் கீழே இருப்பது எஃப் ஷார்ப் 2, அதாவது 92.5 ஹெர்ட்ஸ். மிக மேலே இருப்பது எஃப் 3, அதாவது 174.6 ஹெர்ட்ஸ். இதற்குப் பிறகு கான்ட்ராபாஸ் தந்திகள். இங்கே அடுக்கு முறை மாறிவிடுகிறது. எஃப் 2இல் தொடங்கி அரைச் சுரம் அரைச் சுரமாக ஈ, ஈ ஃபிளாட், டி, சி ஷார்ப், சி, பி, பி ஃபிளாட், ஏ என்று இறங்குகிறது. சிறிய கருவிகளில் ஐந்தாறு கான்ட்ராபாஸோடு முடிந்துவிடும். பெரியவற்றில் பத்துக்கு மேல் போகும். உங்கள் கருவியோடு வந்த தந்திப் பட்டியலில் வேறு விதமாக இருந்தால் பட்டியலையே பின்பற்றுங்கள்.

இந்த இரண்டு வரிசைகளுக்கும் உள்ள உறவை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஏ வரையுள்ள ஒவ்வொரு கான்ட்ராபாஸ் தந்திக்கும் சரியாக ஒரு ஸ்தாயி மேலே அதே பெயரில் ஒரு பாஸ் தந்தி காத்திருக்கிறது. எஃப் 2க்கு எஃப் 3, சி 2க்கு சி 3, ஏ 1க்கு ஏ 2. அந்த பாஸ் தந்திகளுக்கு மேலே அதே பெயரில் துணைத்தந்திகளும் இருக்கின்றன. கருவியே தன் சுருதிப்பெட்டியைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஆகவே சுருதி எப்போதும் மேலிருந்து கீழே போக வேண்டும்: முதலில் மெட்டுத் தந்திகள், அடுத்து துணைத்தந்திகள், பிறகு பாஸ், கடைசியில் கான்ட்ராபாஸ். கான்ட்ராபாஸை முதலில் சேர்த்து மேலே ஏறுகிறவர்கள் மணலில் அஸ்திவாரம் போடுகிறார்கள்.

இவ்வளவு குட்டைத் தந்தியில் இவ்வளவு கீழான சுருதி

ஏ 1 என்பது 55 ஹெர்ட்ஸ். டபுள் பாஸின் ஏ தந்தி தருவதும் இதே சுருதிதான். அங்கே அதிரும் நீளம் ஒரு மீட்டருக்கு மேல். செல்லோவின் மிகக் கீழ்த்தந்தியான சி 2, 65.4 ஹெர்ட்ஸ். அதற்கும் ஏறக்குறைய எழுபது சென்டிமீட்டர் வேண்டும். மடியிலோ மேசையிலோ வைத்து வாசிக்கும் ஸிதரில் அவ்வளவு இடம் ஏது? நீளத்தில் கிடைக்காததை எடையில் ஈடுகட்டுகிறார்கள். நடுவில் நைலான் இழையோ எஃகுக் கம்பியோ இருக்க, அதன்மேல் உலோகக் கம்பியை நெருக்கமாகச் சுற்றித் தந்தியைக் கனமாக்குகிறார்கள். பழைய கருவிகளில் உள்ளிழை பட்டாக இருக்கும். வெறும் கம்பியையே தடிமனாக்கினால் அது தந்தியாக இல்லாமல் இரும்புக் குச்சியாக நடந்துகொள்ளும்.

சுற்றுக் கம்பி போட்டாலும் விறைப்பு முழுதாகப் போவதில்லை. அதனால் இரண்டு விளைவுகள். முதலாவது, மேற்சுரங்கள், அதாவது தம்புரா கேட்டுப் பழகியவர்கள் சுயம்பு ஸ்வரங்கள் என்று அறிந்தவை, கணக்குப்படி நிற்க வேண்டிய இடத்தைவிடச் சற்று ஏறி நிற்கும். இரண்டாவது விளைவுக்குத் தந்தியோடு கருவியின் உடலும் சேர்ந்து காரணமாகிறது. ஸிதரின் பெட்டி சிறியது, ஆழமில்லாதது. 55 ஹெர்ட்ஸ் அலையைக் காற்றில் தள்ளும் வலு அதற்குக் கிடையாது. ஏ 1 தந்தியை மீட்டினால் உங்கள் காதுக்கு வருவது பெரும்பாலும் 110, 165, 220 ஹெர்ட்ஸ் மேற்சுரங்கள்தான். அவற்றிலிருந்து காதும் மூளையும் கீழே ஓர் ஏ இருப்பதாகக் கட்டிக்கொள்கின்றன. 1949இல் வெளிவந்த ‘தி தேர்ட் மேன்’ படத்தின் பின்னணி இசை முழுவதையும் ஆன்டன் கராஸ் ஸிதர் ஒன்றிலேயே வாசித்தார். அதை நல்ல ஹெட்ஃபோனில் ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். பாஸின் அழுத்தம் எவ்வளவு தெளிவாக வருகிறது, அதன் அடிச்சுரம் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பது புரியும்.

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: கீழ்த்தந்தியின் சுருதியை அதன் அடியில் தேடாதீர்கள், அதன் மேற்சுரங்களில் கேளுங்கள்.

உட்காரும் முன்

கருவியை உறையிலிருந்து எடுத்து, வாசிக்கப்போகும் அறையிலேயே அரை மணி நேரம் வையுங்கள். வாசிக்கப்போகும் மேசையிலேயே வைத்துச் சுருதி சேருங்கள். ஸிதரின் அடியில் உள்ள கூர்முனைக் கால்கள் மேசைப் பலகையையும் அதிர வைக்கின்றன. பாஸின் கனத்தில் ஒரு பங்கு அந்தப் பலகையின் உபயம். கட்டில் மெத்தையில் வைத்துச் சுருதி சேர்த்தால் கேட்க வேண்டியதில் பாதி மெத்தைக்குள் போய்விடும்.

மென்மையான நீண்ட துணி ஒன்று வேண்டும். அதைத் துணைத்தந்திகளின் மேல் பரப்பிவிடுங்கள். முப்பதுக்கு மேற்பட்ட திறந்த தந்திகள் உள்ள கருவியில் ஒன்றை மீட்டினால் அதற்கு இசைந்தவை எல்லாம் ஒத்ததிர்வில் முனகத் தொடங்கும். கச்சேரியில் அது அழகு. சுருதி சேர்க்கும்போது அது குழப்பம். ஒப்பிடும் இரண்டு தந்திகளைத் தவிர மற்றவை வாய் திறக்கக் கூடாது.

சுருதிச் சாவி முளையின் சதுரத் தலையில் முழுதாக இறங்க வேண்டும். பாதி இறங்கிய சாவி தலையின் விளிம்பைத் தேய்க்கும். தேய்ந்த முளை பிறகு எந்தச் சாவிக்கும் பிடி கொடுக்காது. சாவியைச் சாய்க்காமல் திருப்புங்கள். சாய்த்தால் முளை வளைகிறது, சுருதி மாறியதுபோலத் தெரிகிறது, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. அப்படியே பழகினால் நாளடைவில் மரத்தில் உள்ள துளை அகன்று, முளை எந்தச் சுருதியையும் தாங்காமல் போகும்.

ஏ 1 தந்தியைச் சேர்க்கும் விதம்

ஒரே ஒரு தந்தியை நிதானமாகப் பார்ப்போம். ஏ 2 பாஸ் தந்தி ஏற்கெனவே துணைத்தந்தியோடு சேர்ந்து சரியாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஏ 1 தந்தியில் விரலை வைத்து, முளை வரை தடவிக்கொண்டே போய் அந்த முளையில் சாவியைப் பொருத்துங்கள். கண்ணை மட்டும் நம்பாதீர்கள். முளைகள் நெருக்கமாக, முன்னும் பின்னுமாக அடுக்கப்பட்டிருக்கும். தந்தியை மீட்டிவிட்டு முதல் திருப்பத்தை எப்போதும் கீழ்நோக்கியே செய்யுங்கள். ஒலி இறங்கினால் சரியான முளை. இறங்கவில்லை என்றால் வேறு ஏதோ தந்தியைத் தளர்த்தியிருக்கிறீர்கள், தளர்ந்ததைத் திரும்ப ஏற்றிவிடலாம். முதல் திருப்பத்தையே மேல்நோக்கிச் செய்திருந்தால் இந்நேரம் பக்கத்துத் தந்தி அறுந்திருக்கும்.

இப்போது தந்தி சுருதிக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து மெல்ல ஏற்றுங்கள். திருப்பும் அளவு கடிகாரத்தின் பெரிய முள் ஒரு நிமிடத்தில் நகரும் அளவுதான். கீழிருந்து மேலே வந்து நிற்கும் தந்தி நிலையாக நிற்கும். மேலிருந்து தளர்த்தி நிறுத்திய தந்தி பிறகு நழுவும். காரணம், குதிரைக்கும் முளைக்கும் இடையே உள்ள சிறு துண்டில் இழுவிசை வேறாகத் தங்கிவிடுகிறது. சுற்றுக் கம்பியின் சொரசொரப்பு குதிரையின் பள்ளத்தில் பிடித்துக்கொள்வதால் பாஸில் இந்தத் தொல்லை அதிகம். ஏற்றிய பிறகு தந்தியை நடுவில் விரலால் ஒருமுறை லேசாக அழுத்திவிட்டால் இரு பக்கமும் சமமாகிவிடும். சுருதி இறங்கியிருந்தால் மறுபடி ஒரு மயிரிழை ஏற்றுங்கள்.

பக்கத்தில் வந்துவிட்டதும் ஒப்பிடத் தொடங்குங்கள். ஏ 1 தந்தியின் சரிபாதி நீளத்தில் இடது கை விரலின் நுனியைப் படும் படாமல் வைத்து, வலது கையால் மீட்டி உடனே விரலை எடுத்துவிடுங்கள். ஒரு ஸ்தாயி மேலே மணிபோல ஓர் ஒலி எழும். அடிச்சுரத்தை முதலாவதாக எண்ணினால் அதுவே இரண்டாம் மேற்சுரம், 110 ஹெர்ட்ஸ். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஏ 2 பாஸ் தந்தியை மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரே ஒலி நீளும். சற்று விலகியிருந்தால் ஒலி பெருகிச் சுருங்கி, பெருகிச் சுருங்கி வரும். பள்ளி இயற்பியல் பாடத்தில் விம்மல் என்று படித்தது இதுதான். விம்மல் மெதுவாகி மெதுவாகி, கடைசியில் நின்றுவிடும் இடமே உங்கள் சுருதி.

மேற்சுரத்தில் கேட்பதால் என்ன லாபம் என்பதைக் கணக்கு காட்டும். அரைச் சுரம் ஒன்றுக்கு நூறு சென்ட். ஏ 1 தந்தி எட்டு சென்ட் இறங்கியிருந்தால் அதன் அடிச்சுரத்தில் வித்தியாசம் கால் ஹெர்ட்ஸ்தான். அந்த விம்மல் ஒன்று முடிய நான்கு வினாடி ஆகும். அதற்குள் ஒலியே பாதி அடங்கிவிடும். இரண்டாம் மேற்சுரத்தில் அதே வித்தியாசம் இரண்டு வினாடிக்கு ஒரு விம்மலாக வருகிறது. 220 ஹெர்ட்ஸில் உள்ள நான்காம் மேற்சுரத்தில் வினாடிக்கு ஒன்று. ஆகவே விம்மலைப் பிடிக்கப் பழகிய பிறகு காதை இன்னும் மேலே கொண்டுபோங்கள். ஏ 3 துணைத்தந்தியை ஒரு கணம் மீட்டி அதன் உயரத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டு, அதைத் துணியால் அடக்கிவிட்டு, ஏ 1, ஏ 2 இரண்டையும் சேர்த்து மீட்டுங்கள். அந்த உயரத்தில் ஏதாவது அலைகிறதா என்று கேளுங்கள். முதலில் ஒன்றும் கேட்காது. சில நாள் பயிற்சியில், இவ்வளவு நாள் எப்படிக் கேட்காமல் இருந்தோம் என்று தோன்றும் அளவுக்குத் தெளிவாகக் கேட்கும். ஸிதர் கற்பவருக்கு நான் ஒரு பயிற்சிதான் கொடுக்கலாம் என்றால் இதைத்தான் கொடுப்பேன்.

தந்தியை மென்மையாக மீட்டுங்கள். வேகமாக இழுத்துவிட்டால் தந்தி கூடுதலாக இறுகி, ஒலி முதலில் ஏறி ஒலித்துப் பிறகு தன் இடத்துக்கு இறங்கும். கனமான, தளர்வான தந்திகளில் இந்தச் சறுக்கல் அதிகம். மீட்டிய முதல் கணத்தை விட்டுவிட்டு அதன்பின் வரும் கார்வையைக் கேளுங்கள்.

ட்யூனர் எதற்கு உதவும், எதற்கு உதவாது

ட்யூனரே வேண்டாம் என்று சொல்லவில்லை. மெட்டுத் தந்தி ஏ 4ஐ 440இல் நிறுத்தவும், துணைத்தந்திகளைச் சம இடைவெளியில் சேர்க்கவும் அது நல்ல துணை. வியன்னா இசைக்குழுக்களோடு சேர்ந்து வாசிப்பதானால் 443 என்று மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கீழே போகப் போக அது தடுமாறும். கைபேசியின் மைக் அவ்வளவு கீழான ஒலியைச் சரியாக வாங்காது. அடிச்சுரம் பலவீனமாக இருப்பதால் ட்யூனர் ஏதோ ஒரு மேற்சுரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏ 1 மீட்டும்போது திரையில் ஈ என்று வந்தால் திகைக்க வேண்டாம். அது மூன்றாம் மேற்சுரம், ஏவின் பஞ்சமம். கருவியில் கவ்விப் பிடிக்கும் வகை ட்யூனர் பக்கத்துத் தந்திகளின் முனகலையும் சேர்த்துப் படிக்கும். ட்யூனரைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்றால், தந்தியின் நடுவில் விரல் வைத்து எழுப்பும் அந்த மணி ஒலியைக் காட்டுங்கள். அதை ஓரளவு நம்பகமாகப் படிக்கும்.

மேற்சுரங்கள் சற்று ஏறி நிற்பதால், காதால் சேர்த்த கான்ட்ராபாஸை ட்யூனரின் கணக்கோடு ஒப்பிட்டால் ஒரு மயிரிழை கீழே காட்டக்கூடும். அதைத் ‘திருத்த’ வேண்டாம். பியானோவின் கீழ்க்கட்டைகளையும் இப்படித்தான் இறக்கி வைக்கிறார்கள். காதுக்கு விம்மல் நின்ற இடமே சரி.

பஞ்சமத்தை நம்பி ஏமாற வேண்டாம்

பாஸ் வரிசையில் பக்கத்துப் பக்கத்துத் தந்திகள் ஸட்ஜம்–பஞ்சமமாக இருப்பதால், ஒன்றிலிருந்து அடுத்ததைச் சுத்தப் பஞ்சமமாகச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்று கை துடிக்கும். நம் சங்கீதத்தில் பழகிய காது சுத்தப் பஞ்சமத்தை உடனே அடையாளம் காணும் என்பதால் இந்த ஆசை நமக்கு இன்னும் கூடுதல். செய்யாதீர்கள். பன்னிரண்டு சுத்தப் பஞ்சமங்கள் சேர்ந்தால் ஏழு ஸ்தாயியைத் தாண்டி ஏறக்குறைய 23.5 சென்ட் மிஞ்சுகிறது. ஈ ஃபிளாட்டில் தொடங்கி ஜி ஷார்ப் வரை அப்படியே போனால் கடைசித் தந்திகள் துணைத்தந்திகளோடு சண்டை போடும். ஒவ்வொரு பஞ்சமமும் இரண்டு சென்ட் குறுகி இருக்க வேண்டும். அந்தக் கணக்கை ஏற்கெனவே சுமந்திருப்பவை துணைத்தந்திகள். பாஸ் தந்தி ஒவ்வொன்றையும் தன் பெயருள்ள துணைத்தந்தியோடு மட்டும் ஒப்பிடுங்கள். பக்கத்துப் பாஸோடு ஒப்பிடாதீர்கள்.

புதுத் தந்தி போடும்போது

ஜெர்மன், ஆஸ்திரியத் தயாரிப்புத் தந்திகளை வாங்கினால் உறையில் உள்ள எழுத்தைக் கவனியுங்கள். அவர்கள் கணக்கில் ‘பி’ என்றால் பி ஃபிளாட். நாம் பி என்று சொல்வது அவர்களுக்கு ‘ஹெச்’. ‘எஸ்’ என்பது ஈ ஃபிளாட், ‘ஃபிஸ்’ என்பது எஃப் ஷார்ப். பி ஃபிளாட்டுக்குச் செய்த தந்தியை பி வரை ஏற்றினால் அது உடனே அறாவிட்டாலும் விறைத்து, ஒலி மங்கி, ஆயுள் குறையும்.

எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். முப்பதுக்கு மேற்பட்ட தந்திகளின் இழுவிசையில் பழகிய மரம் அது. ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் புதியதைப் போட்டு, சுருதிக்கு அருகில் கொண்டுவந்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். மிச்சமாக நீளும் முனையை வெட்டும் முன் வெட்டும் இடத்துக்கு உட்புறமாகத் தந்தியைச் செங்குத்தாக மடக்கிக்கொள்ளுங்கள். மடிப்பு இல்லாமல் வெட்டினால் சுற்றுக் கம்பி உள்ளிழையிலிருந்து வழுக்கித் தளரும்; அந்தத் தந்தி பிறகு கரகரக்குமே தவிரப் பாடாது. முளையில் மூன்று சுற்று வரும் அளவுக்கு நீளம் விடுங்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் படிய வேண்டும்.

நைலான் உள்ளிழையுள்ள தந்தி பல நாட்களுக்கு நீண்டுகொண்டே இருக்கும். அதைச் சீக்கிரம் அடக்கிவிடலாம் என்று சுருதிக்கு மேலே இழுத்து வைக்கிறவர்கள் உண்டு. தேவையில்லை. தினமும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை சரியான சுருதிக்கு ஏற்றி வாருங்கள், தானாக அடங்கும். அறையின் ஈரப்பதம் 45 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் மரமும் இழையும் அதிகம் அலையாது.

எவ்வளவு முயன்றாலும் விம்மல் நிற்காத தந்தி சில நேரம் அகப்படும். அதைச் சோதிக்க வழி எளிது. திறந்த தந்தியை மீட்டுங்கள், பிறகு நடுவில் விரல் வைத்து மணி ஒலியை எழுப்புங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று சரியான ஸ்தாயியாக ஒலிக்கவில்லை என்றால் குறை தந்தியில்தான் இருக்கிறது. சுற்று தளர்ந்திருக்கும், அல்லது விரல் எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஒரு பக்கம் கனத்திருக்கும். அதோடு மல்லுக்கட்டாமல் மாற்றிவிடுங்கள்.

இரண்டாம் சுற்று

கான்ட்ராபாஸ் முழுவதையும் சேர்த்து முடித்ததும் ஏ 4க்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். கனத்த தந்திகளை ஏற்றியதில் கருவியின் உடல் சற்று வளைந்து, முதலில் சேர்த்தவை இறங்கியிருக்கும். ஆகவே மொத்தமும் இன்னொரு சுற்று. இந்த முறை திருப்பங்கள் மிகச் சிறியவையாக இருக்கும், நேரமும் கால்வாசிதான் ஆகும். நீண்ட காலம் தொடாத கருவிக்கு மறுநாள் மூன்றாவது சுற்றும் தேவைப்படும்.

கடைசியாகத் துணியை எடுத்துவிட்டு சி 2 கான்ட்ராபாஸை மீட்டுங்கள். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே துணைத்தந்திகளில் சி, ஈ, ஜி மூன்றையும் சேர்த்து மீட்டுங்கள். வால்ட்ஸ் நடையிலேயே செய்யுங்கள்: ஒரு பாஸ், இரண்டு கார்டு. அடுத்து எஃப், டி, ஏ என்று ஒவ்வொரு கான்ட்ராபாஸின் மேலும் அதற்குரிய கார்டை வைத்துப் பாருங்கள். எந்தக் கார்டில் பாஸ் தனியாகப் பிரிந்து தெரிகிறதோ அந்தத் தந்தியை மட்டும் மறுபடி அதன் ஸ்தாயித் துணையோடு ஒப்பிடுங்கள். மற்றவற்றைத் தொட வேண்டாம்.